வீட்டுக் கணினியில் குறுஞ்செய்தி சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் உள்ள கணினியோடு சிம் பொருத்திய ஒரு மோடத்தை இணைத்து, அதன் வழியாக எஸ்.எம்.எஸ். அனுப்பவும் பெறவும் செய்யும் அமைப்பையே இங்கே குறுஞ்செய்தி சர்வர் என்று குறிப்பிடுகிறோம். இணையவழி அரட்டைச் செயலிகளுக்கான சர்வர் வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றி இங்கே பேசவில்லை. குடியிருப்போர் சங்கம், நூலகம், பயிற்சி வகுப்பு, இசைப்பள்ளி என்று சில நூறு பேருக்குள் அடங்கும் குழுக்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. லினக்ஸ் இயங்குதளத்தை ஓரளவு கையாளத் தெரிந்திருந்தால் போதும்.

அரட்டைச் செயலிகள் இருக்கும்போது எஸ்.எம்.எஸ். எதற்கு?

பெறுபவரிடம் இணையம் இருக்க வேண்டியதில்லை, எந்தச் செயலியும் வேண்டியதில்லை, பொத்தான் வைத்த சாதாரண போன் இருந்தாலே போதும் என்பதுதான் முதன்மையான காரணம். ஒரு குழுவில் நூறு பேர் இருந்தால், அவர்களில் செயலியே வைத்திராத பத்துப் பேர்தான் பெரும்பாலும் நம் தகவல் மிகவும் தேவைப்படும் முதியவர்களாக இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு 'எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது' என்று சொல்ல முடியாது. படம், ஒலி, உரையாடல் ஆகியவை வேண்டுமென்றால் எஸ்.எம்.எஸ். பொருந்தாது.

ஒரு சாதாரணக் கணினியால் இதைச் செய்ய முடியுமா?

முடியும். 1992 டிசம்பர் 3-ஆம் நாள் பிரிட்டனின் வோடஃபோன் வலையமைப்பில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பிய முதல் எஸ்.எம்.எஸ். ஒரு கணினியிலிருந்துதான் சென்றது. கிறிஸ்துமஸ் வாழ்த்தான அச்செய்தியைப் பெற்றது மட்டுமே கைபேசி. செய்தியை வாங்கி வைத்திருந்து உரியவரிடம் சேர்ப்பிக்கும் பெரிய வேலை தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் நடக்கிறது. வீட்டுக் கணினி செய்யவேண்டியதெல்லாம் வரிசையில் உள்ள செய்திகளை ஒவ்வொன்றாக மோடத்திடம் கொடுப்பதும், அது சொல்லும் பதிலைக் குறித்து வைப்பதும்தான். பத்தாண்டு பழைய மடிக்கணினியோ ராஸ்ப்பெரி பை போன்ற சிறு பலகைக் கணினியோ இதற்குத் தாராளமாகப் போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடக்கூடிய கணினி, யுஎஸ்பி மோடம், குறுஞ்செய்தி வசதியுள்ள சிம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றில் மோடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. இப்போது கிடைக்கும் 4ஜி டாங்கிள்களில் பல, கணினிக்குள் ஒரு சிறிய ரவுட்டராக நின்று, தமக்கென ஒரு வலைப்பக்கத்தை மட்டும் காட்டுகின்றன. கட்டளைகளை ஏற்கும் சீரியல் போர்ட் அவற்றில் இருப்பதில்லை; அது இல்லாமல் இங்கே சொல்லப்படும் மென்பொருள்கள் எதுவும் வேலை செய்யாது. மோடத்தை இயக்கும் இந்தக் கட்டளைகளுக்கு ஏடி (AT) கட்டளைகள் என்று பெயர்; வாங்கும் முன் 'ஏடி கட்டளைகளுக்கான போர்ட் உண்டா' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சிம்மும் தரவுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. யுஎஸ்பி 2.0 போர்ட் தரத்தின்படி அளிக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர்தான். சிக்னல் பலவீனமான இடத்தில் மோடம் முழு வலிமையோடு ஒலிபரப்பும் கணங்களில் இது போதாமல் போய், மோடம் தானாக அறுந்து மீண்டும் இணையும். செய்தி அனுப்பும்போது மட்டும் மோடம் காணாமல் போகிறது என்றால், மென்பொருளைச் சந்தேகிக்கும் முன், தனி மின்னிணைப்புள்ள ஒரு ஹப்பில் அதைச் செருகிப் பாருங்கள்.

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதாதா?

பழகிப் பார்க்கப் போதும். அதற்கான செயலிகளும் உள்ளன. ஆனால் நிரந்தர ஏற்பாடாக அதைப் பரிந்துரைக்க இயலாது. மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு ஆண்ட்ராய்டு பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும். குறுகிய நேரத்தில் ஒரு செயலி நிறையச் செய்திகளை அனுப்பினால், திரையில் அனுமதி கேட்டுக் காத்து நிற்கும். இடைவிடாமல் சார்ஜரில் கிடக்கும் பழைய பேட்டரி உப்பி வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆளில்லாத அறையில் அப்படி ஒன்றை விட்டுவைக்க வேண்டாம்.

எந்த மென்பொருளை நிறுவுவது?

கட்டற்ற மென்பொருள்களில் மூன்று பரவலாகப் பயன்படுகின்றன. கேனல் என்பது பெரிய நிறுவனங்கள் நேரடியாகக் குறுஞ்செய்தி மையத்தோடு பேசுவதற்கு ஏற்றது; வீட்டுக்கு அது மிகை. எஸ்எம்எஸ் சர்வர் டூல்ஸ் மிக எளிமையானது: பெறுபவரின் எண்ணும் செய்தியும் எழுதிய ஓர் உரைக்கோப்பைப் 'போக வேண்டியவை' என்ற அடைவில் போட்டால், அது அனுப்பிவிட்டு அந்தக் கோப்பை 'சென்றவை' அல்லது 'தவறியவை' அடைவுக்கு நகர்த்தும். மூன்றாவது கம்மு. இதன் பின்னணி நிரல் மையெஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தோடு இணைந்து வேலை செய்யும். செல்லவேண்டியவை, சென்றவை, வந்தவை என்று தனித்தனி அட்டவணைகளில் எல்லாம் பதிவாகும்.

மாதத்துக்குச் சில அறிவிப்புகள் மட்டும் என்றால் கோப்பு முறையே நல்லது. யாருக்கு எது எப்போது சென்றது என்று பின்னர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றால் தொடக்கத்திலேயே கம்முவையும் தரவுத்தளத்தையும் தேர்ந்தெடுங்கள். கோப்புகளாகக் குவிந்துவிட்ட பழைய செய்திகளைப் பின்னால் தரவுத்தளத்துக்கு மாற்றுவது சலிப்பான வேலை.

மோடத்தைச் செருகினால் கணினி அதை ஒரு சிடி டிரைவாகக் காட்டுகிறதே?

பல டாங்கிள்கள் விண்டோஸுக்கான நிறுவு நிரலைத் தமக்குள்ளேயே வைத்திருப்பதால், முதலில் சிடி டிரைவ் போல அறிமுகமாகின்றன. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு கருவியை நிறுவினால் அவை மோடமாக மாறிவிடும். மாறியபின் ஒன்றல்ல, மூன்று நான்கு சீரியல் போர்ட்டுகள் தோன்றும். அவற்றுள் ஒன்றிரண்டுதான் கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். மறுதொடக்கத்தின்போது இந்தப் போர்ட்டுகளின் எண்கள் இடம் மாறக்கூடும். ஆகவே லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் யூடெவ் என்ற பகுதிக்கு விதி ஒன்றை எழுதி, சரியான போர்ட்டுக்கு நிலையான பெயர் கொடுத்துவிடுவது அவசியம். இதைச் செய்யாததால், ஒரு மாதம் நன்றாக ஓடிய சர்வர் ஒரு மின்தடைக்குப் பிறகு காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

மோடம்மேனேஜர் என்ற சேவை பல லினக்ஸ் வெளியீடுகளில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நம் மென்பொருள் திறக்கவேண்டிய அதே போர்ட்டை அதுவும் திறந்து பேச முயலும். விளைவு, சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. இந்தக் கணினியில் அந்தச் சேவை வேறெதற்கும் தேவையில்லை என்றால் அதை நிறுத்திவிடுங்கள். சிம்மைப் பூட்டும் ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் அது பூட்டிக்கொள்ளும்.

மென்பொருளை அமைக்கும் முன் மோடம் சரியாக உள்ளதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மினிகாம் போன்ற ஒரு முனைய நிரலின் வழியாக மோடத்தோடு நேரடியாகப் பேசிப் பாருங்கள். இதற்கு அரைமணி நேரம் செலவானாலும் பின்னால் பல நாள் குழப்பம் மிச்சமாகும். 'ஏடி' என்று தட்டி என்டர் அழுத்தினால் 'ஓகே' என்று பதில் வர வேண்டும். அடுத்து சிஎஸ்கியூ (AT+CSQ) என்ற கட்டளை 0 முதல் 31 வரை சிக்னல் அளவைச் சொல்லும். 10 என்றால் ஏறத்தாழ -93 டிபிஎம் (சிக்னல் வலிமையை அளக்கும் அலகு). அதற்குக் கீழே இருந்தால் மோடத்தை நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, சன்னல் பக்கம் கொண்டுபோங்கள். 99 என்று வந்தால் அளவே தெரியவில்லை என்று பொருள்.

பிறகு உங்கள் கைபேசிக்கே ஒரு செய்தியை அனுப்புங்கள். மோடத்தை உரை முறைக்கு மாற்றிவிட்டு (AT+CMGF=1), எண்ணோடு சிஎம்ஜிஎஸ் (AT+CMGS) கட்டளையைக் கொடுத்ததும் மோடம் '>' என்ற குறியைக் காட்டி, செய்திக்காகக் காத்திருக்கும். செய்தியைத் தட்டி, கன்ட்ரோல் விசையோடு இசட் அழுத்தினால், சில நொடிகளில் ஓர் எண்ணும் 'ஓகே'யும் வரும். அந்த எண்ணைக் கவனியுங்கள்: அச்செய்திக்கு மோடம் கொடுத்த அடையாளம் அது, 0 முதல் 255 வரை சுற்றிச் சுற்றி வரும். செய்தி சேர்ந்ததற்கான அறிக்கை பின்னர் வரும்போது, இந்த எண்ணையும் பெறுபவரின் எண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்தச் செய்திக்குரியது என்று சர்வர் கண்டுபிடிக்கிறது.

மோடம் சொல்லும் பிழை எண்களுக்கு என்ன பொருள்?

அடிக்கடி எதிர்ப்படுபவை சில மட்டுமே. 310 என்றால் சிம் இல்லை அல்லது சரியாகப் பொருந்தவில்லை. 311 என்றால் பின் எண் கேட்கிறது. 322 என்றால் சேமிப்பிடம் நிறைந்துவிட்டது. 330 என்றால் குறுஞ்செய்தி மையத்தின் எண் சிம்மில் பதிவாகவில்லை. அந்தச் சிம்மை ஒரு கைபேசியில் போட்டுப் பார்த்தால் சரியான எண் தெரியும். 331 என்றால் வலையமைப்புச் சேவை இல்லை. 500 என்பது 'அறியப்படாத பிழை'. அதில் செய்தி ஒன்றும் கிடையாது. சிம்மில் இருப்புத் தொகை தீர்ந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு செய்தியில் 160 எழுத்துகள் என்கிறார்கள். தமிழுக்கும் அதுதானா?

இல்லை. இதை முன்கூட்டியே புரிந்துகொள்வது மிக முக்கியம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்துகள் ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரத்தின் குறியேற்றத்தில் எழுத்துக்கு 7 பிட்டுகளாக அடைக்கப்படுவதால் 160 கொள்ளும். தமிழ் எழுத்துகள் பொதுவாக யூனிகோடு முறையில் குறிக்கு 16 பிட்டுகளாகச் செல்வதால் 70 குறிகள் மட்டுமே கொள்ளும்.

அந்த 70-உம் நாம் கண்ணால் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'நாளை மாலை கூட்டம் உண்டு' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 11 எழுத்துகள், 3 இடைவெளிகள், ஆக 14. கணினி எண்ணினால் 23. 'நா' என்பது ந-வும் துணைக்காலுமாக இரண்டு. 'ட்' என்பது ட-வும் புள்ளியுமாக இரண்டு. தனித்து நிற்கும் 'ட', 'உ' ஆகியவை மட்டுமே ஒவ்வொன்று. 'ஸ்ரீ' நான்கு குறிகளை விழுங்கும். இந்தக் கணக்கில் ஒரு செய்தியில் சுமார் நாற்பது தமிழ் எழுத்துகள்தான் அடங்கும்.

'கொ', 'கோ' போன்றவற்றில் ஒரு நுட்பமும் உண்டு. ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. அனுப்பும் முன் உரையை, யூனிகோடு குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டால் அவை ஒற்றைக் குறியாகிவிடும், இடமும் மிச்சமாகும்.

ஜிஎஸ்எம் தரத்தில் தமிழுக்கென 7 பிட் மாற்று அட்டவணை ஒன்றும் உண்டு. ஆனால் பெறும் கைபேசியும் அதை அறிந்திருக்க வேண்டும். பலரின் கைபேசிகளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாத நிலையில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

அப்படியென்றால் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதி அனுப்பிவிடலாமே?

இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் படிப்பவர் தடுமாறுவார். எஸ்.எம்.எஸ்.-ஐத் தேர்ந்தெடுத்ததே எளிய போன் வைத்திருப்பவர்களுக்காக என்றால், அவர்களுக்குத் தமிழைத் தமிழாகவே அனுப்புவதுதான் முறை. சொற்களைச் சுருக்குங்கள், எழுத்தை மாற்றாதீர்கள். தமிழ் எழுத்தைக் காட்டவே முடியாத பழைய போன்கள் சில உண்டு. அவற்றில் கட்டங்கள் மட்டுமே தெரியும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு முறை சோதனைச் செய்தி அனுப்பி, 'படிக்க முடிகிறதா' என்று கேட்டு, முடியாதவர்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமாகவும் ஓர் எச்சரிக்கை: முழுதும் ஆங்கிலமாக உள்ள செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, வளைந்த மேற்கோள் குறியோ, உணர்ச்சிப்படமோ நுழைந்துவிட்டால் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறி, 160 என்பது 70 ஆகிவிடும். சொற்செயலியிலிருந்து வெட்டி ஒட்டும்போது இது அடிக்கடி நேரும்.

70-ஐத் தாண்டினால் என்ன ஆகும்?

செய்தி பல துண்டுகளாகச் சென்று, பெறும் கைபேசியில் ஒன்றாக இணையும். ஒட்டுவதற்கான தலைப்புத் தகவல் 6 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், துண்டுக்கு 67 குறிகள் மட்டுமே கிடைக்கும்; ஆங்கிலத்தில் 153. ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகவே கணக்கிடப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு வழியில் நின்றுவிட்டால் முழுச் செய்தியும் காத்திருக்கும், அல்லது அரைகுறையாகத் தோன்றும். எனவே தேதியும் இடமும் எப்போதும் முதல் துண்டில் இருக்கட்டும்.

சர்வர் 'அனுப்பப்பட்டது' என்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. வீட்டுக் குறுஞ்செய்தி சர்வர் அமைப்பவர்கள் இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால், மற்றவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். 'அனுப்பப்பட்டது' என்றால் தொலைபேசி நிறுவனத்தின் மையம் செய்தியை வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே பொருள். பெறுபவரின் போன் அணைந்திருக்கலாம், சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கலாம், எண்ணே வழக்கொழிந்திருக்கலாம். மையம் செய்தியைச் சில காலம் வைத்திருந்து, மீண்டும் மீண்டும் முயன்று, காலக்கெடு முடிந்ததும் எறிந்துவிடும்.

இதை அறிய, சேர்ந்ததற்கான அறிக்கையை நாமாகக் கேட்க வேண்டும். கம்முவில் இதற்கான அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். முதல் நாளே அதை இயக்குங்கள். பிறகு ஒவ்வொரு செய்தியும் மூன்று நிலைகளில் ஒன்றில் நிற்கும்: மையம் வாங்கியது, கைபேசி வாங்கியது, கைவிடப்பட்டது. நாள்தோறும் மாலையில் இரண்டாம் நிலைக்கு வராத எண்களின் பட்டியல் ஒன்றை எடுக்கும்படி சர்வரை அமைத்துவிட்டு, முக்கியமான அறிவிப்பு என்றால் அந்தப் பட்டியலில் உள்ளவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் வேறு நிறுவனத்தின் எண்களுக்கு அறிக்கையை ஒழுங்காகத் திருப்புவதில்லை என்பதால், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் செய்தி சேரவில்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

காலக்கெடுவையும் நாமே குறிக்கலாம்; தரத்தின்படி உச்ச வரம்பு 63 வாரங்கள். இன்று மாலைக் கூட்டத்துக்கான நினைவூட்டல் மறுநாள் காலை போய்ச் சேர்வதால் குழப்பம்தான் மிஞ்சும். அத்தகைய செய்திகளுக்குச் சில மணி நேரக் கெடு வையுங்கள்.

ஒரே செய்தி சிலருக்கு இரண்டு முறை செல்வது ஏன்?

மையம் செய்தியை வாங்கிக்கொண்டது, ஆனால் அதற்கான பதில் உரிய நேரத்தில் மோடத்துக்கு வரவில்லை. சர்வர் தோல்வி என்று கருதி மறுபடி அனுப்பியது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் குறையும், முற்றிலும் ஒழியாது. நினைவூட்டல்கள் இருமுறை சென்றால் தொல்லையில்லை. பணம், எண்ணிக்கை தொடர்பான செய்திகளில் தேதியையும் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதினால் பெறுபவர் குழம்ப மாட்டார்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம்?

மோடம் ஒரு நேரத்தில் ஒரு செய்தியைத்தான் கையாளும். ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள் ஆகும். துண்டுக்கு ஐந்து நொடி என்று வைத்தால், 300 பேருக்கு இரண்டு துண்டுச் செய்தி ஒன்று சென்று முடிய ஐம்பது நிமிடங்கள். அவசர அறிவிப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து வரிசைப்படுத்துங்கள். தனிநபர் சிம்மிலிருந்து தானியங்கி முறையில் நிறையச் செய்திகள் புறப்பட்டால் நிறுவனங்கள் அந்த எண்ணை முடக்கக்கூடும் என்பதால், வேகத்தை நாமாகவே குறைத்து வைப்பது பாதுகாப்பு. ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டியவர்கள் முறையான மொத்தச் சேவையை நாட வேண்டும். இந்த அமைப்பு அவர்களுக்கானது அல்ல.

யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமா?

அனுப்பச் சம்மதித்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். பல நாடுகளில் இது சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் இதுதான் மரியாதை. 'நிறுத்து' என்று பதில் அனுப்பினால் அந்த எண் பட்டியலிலிருந்து தானாக நீங்கும் ஏற்பாட்டை முதல் அறிவிப்புக்கு முன்பே செய்துவிடுங்கள். இரவு நேரத்தில் வரிசையை நிறுத்தி வையுங்கள்.

பதில்கள் வரும்போது அவற்றை எப்படிக் கையாள்வது?

ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஒரு நிரலை ஓட்டும் வசதி கம்முவில் உள்ளது. 'வருவேன்', 'வர இயலாது' என்ற பதில்களை எண்ணிச் சொல்லும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். வந்த உரையை நேரடியாகக் கட்டளை வரியில் சேர்க்காதீர்கள். வெளியிலிருந்து வரும் எந்த உரையும் ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்றே நிரல் கருத வேண்டும். அனுப்புநரின் எண்ணைப் போலியாகக் காட்டவும் முடியும். எனவே 'இந்த எண்ணிலிருந்து வந்தால் கதவைத் திற' என்பது போன்ற அமைப்புகள் கூடவே கூடாது.

படித்த செய்திகளை மோடத்திலிருந்து அழிக்கவும் வேண்டும். பழைய சிம்களில் சில பத்துச் செய்திகளுக்கே இடம் உண்டு. அது நிறைந்தால் புதியவை வராமல் மையத்திலேயே காத்துக் கிடக்கும்.

வெளியூரிலிருந்து சர்வரை இயக்க வேண்டும். இணையத்துக்குத் திறந்துவிடலாமா?

வேண்டாம். அனுப்பும் பக்கத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால், உங்கள் எண்ணிலிருந்து உங்கள் செலவில் மோசடிச் செய்திகள் புறப்படும். பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும். வயர்கார்ட் போன்ற தனிப்பட்ட வலைவழியாக மட்டும் உள்ளே வாருங்கள். தரவுத்தளத்தில் இருப்பது பிறரின் தொலைபேசி எண்கள் என்பதால், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து, காப்புப் பிரதியையும் அப்படியே வைத்திருங்கள்.

ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்ப இதைப் பயன்படுத்தலாமா?

தவிர்ப்பது நல்லது. எஸ்.எம்.எஸ். அனுப்புநர் முதல் பெறுநர் வரை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சிம் மாற்று மோசடியால் பிறர் கைக்கும் போகலாம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தொலைபேசி வலையமைப்பு வழியான சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது.

நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் எப்படித் தெரியும்?

நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், மோடம் மட்டும் உறைந்து கிடக்கும். இதுதான் வழக்கமாக நிகழ்வது. சர்வர் தன் எண்ணுக்கே நாள்தோறும் ஒரு செய்தி அனுப்பி, அது பத்து நிமிடத்துக்குள் திரும்பி வந்ததா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. சிம், இருப்பு, சிக்னல், மையம், சேமிப்பிடம் எல்லாம் அந்த ஒரே சுற்றில் சோதிக்கப்பட்டுவிடும். வராவிட்டால் மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்துப் பார்க்கட்டும். அதன்பிறகும் வராவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். மின்தடைக்கு யுபிஎஸ் ஒன்று வைத்து, கணினியின் பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி அமைத்துவிடுங்கள்.

பல ஆண்டுகள் ஓடிய மோடத்துக்குத் திடீரென்று வலையமைப்பே கிடைக்கவில்லை. பழுதா?

பழுதாக இல்லாமலும் இருக்கலாம். உலகெங்கும் பல நிறுவனங்கள் 3ஜி சேவையையும், சில நிறுவனங்கள் 2ஜி சேவையையும் நிறுத்தி வருகின்றன. பழைய மோடங்கள் இவற்றை மட்டுமே அறிந்தவை. சிம்மை ஒரு 4ஜி கைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், சீரியல் போர்ட் உள்ள 4ஜி மோடமாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்த மோடம் உங்கள் நிறுவனத்தின் 4ஜி வலையமைப்பில் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறதா என்பதைப் பழையதைக் கழற்றும் முன்பே சோதித்துவிடுங்கள். தரவு இணைப்பு கிடைத்தும் குறுஞ்செய்தி போகாத மோடங்கள் உண்டு. யூடெவ் விதியில் போர்ட்டின் அடையாளத்தை மட்டும் திருத்தினால், தரவுத்தளமும் மற்ற அமைப்புகளும் இருந்தபடியே தொடரும்.